லட்டுக்கு இந்தப் பக்கம்

திருப்பதி போகும் வழியில் பாகாலாவில் இறங்குபவர்கள் குறைவு. இறங்கினால் களியும் கடலைச் சட்னியும் கிளிமூக்கு மாங்காயும் கிடைக்கும். அவற்றை விளைவிப்பவர்களின் கணக்கும் கொஞ்சம் புரியும்.

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குப் போகும் பாசஞ்சர் ரயிலில் தமிழ்க் குடும்பங்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இருக்கைக்கு அடியில் புளியோதரைத் தூக்கு இருக்கும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வாழையிலையில் கட்டி வந்திருக்கும். மலையேறும்வரை வெளியில் சாப்பிடக் கூடாது என்பது சிலருக்கு விரதம், பலருக்குச் சிக்கனம். திரும்பி வரும்போது அதே தூக்கில் லட்டு. இடையில் உள்ள 104 கிலோமீட்டரில் மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஜன்னல் வழியாகத் தெரிவதில்லை.

இந்தத் தடத்தின் நடுவில் இருக்கிறது பாகாலா. சித்தூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். திருப்பதிக்கு இன்னும் 40 சொச்சம். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தென்னிந்திய ரயில்வே மீட்டர் கேஜ் பாதை போட்டபோது ஜங்ஷன் ஆன ஊர். இங்கிருந்துதான் பீலேறு, மதனப்பள்ளி ரோடு, கதிரி வழியாக தர்மாவரத்துக்கு இன்னொரு பாதை பிரிகிறது. மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்துவிட்டாலும் ஜங்ஷனின் குணம் மாறவில்லை. வருகிறவர்கள் இன்னொரு வண்டிக்காக வருகிறார்கள். பாகாலாவையே பார்க்க வருபவர் அபூர்வம். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை என்பதும் உண்மை. சாப்பிட இருக்கிறது.

ஊர் எந்த மாவட்டம் என்பதில் வயதானவர்களுக்கும் இளைஞர்களுக்கும் பதில் மாறும். 1911இல் வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளால் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்தது பாகாலா. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களைத் திருத்தி அமைத்தபோது புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. அதற்கு முன்னால் நடந்த பெரிய பாகப்பிரிவினை 1960 ஏப்ரல் 1 அன்று. மொழிவாரி எல்லைத் தகராறுக்கு முடிவாக திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே தங்கியது. அரசாங்கம் கோடு போட்டது. அடுப்பு அதை மதிக்கவில்லை. சித்தூர் கடைத்தெருவில் இன்றும் தமிழில் பேரம் பேசலாம். தட்டில் வருவதில் பாதி ராயலசீமை, பாதி வட ஆற்காடு.

அந்தப் பாதிக்குப் பாதிக்கு நல்ல உதாரணம் சங்கடி. தெலுங்கில் ராகி சங்கடி. வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்தில் கேழ்வரகுக் களி. செய்முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. அரிசியை அல்லது நொய்யைக் குழைய வேகவிட்டு, அதன்மேல் கேழ்வரகு மாவைக் குவித்து, கிளறாமல் மூடி வைக்க வேண்டும். மாவு ஆவியிலேயே வெந்த பிறகுதான் துடுப்பு இறங்கும். அதன்பின் நடப்பது சமையல் அல்ல, உடற்பயிற்சி. பானையைக் காலால் அண்டை கொடுத்து நிறுத்திக்கொண்டு இரண்டு கையாலும் கட்டி விழாமல் கிண்ட வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்து, சூடு ஆறுமுன் உருண்டை பிடிக்க வேண்டும். உருண்டையின் நடுவே கட்டைவிரலால் ஒரு குழி. அதில் நெய்யோ குழம்போ.

சாப்பிடும் முறை தெரியாமல் அவதிப்படும் நகரத்து விருந்தாளிகள் உண்டு. சங்கடியை மெல்லக் கூடாது. மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் கெடும். சிறிதாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்குகிறதா என்பதுதான் பக்குவத்துக்குச் சோதனை. துணைக்கு வருவது பெரும்பாலும் நாட்டுக்கோடி புலுசு, அதாவது நாட்டுக்கோழிக் குழம்பு. கொத்தமல்லி விதை, கசகசா, தேங்காய், வறுத்த மிளகாய் என்று அரைத்து விடுவார்கள். வறண்ட சீமையின் காரம் இதில் முழு வீச்சில் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் முதல் உருண்டைக்கு நெய் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சைவர்களுக்குக் கத்தரிக்காய்ப் புலுசோ, கீரை கடைந்த பப்போ, புளிச்சக்கீரையில் அரைத்த கோங்கூரா பச்சடியோ உண்டு. சங்கடிக்கு இவையும் குறைந்த ஜோடி அல்ல.

இந்த உருண்டைக்குப் பின்னால் ஒரு சமூகக் கதை இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன்பு இந்த வட்டாரத்தின் மேட்டுநிலக் கிராமங்களில் சங்கடி தினப்படி உணவு. நெல்லுச் சோறு பண்டிகைக்கு. மழை பொய்த்தாலும் கேழ்வரகு ஓரளவு காப்பாற்றும். பூச்சி அரிக்காமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். காலையில் கூழ், ராத்திரி களி என்பது ருசி பார்த்துத் தேர்ந்தெடுத்ததல்ல. அரிசி வாங்க வழியில்லை. 1983இல் முதல்வரான என்.டி. ராமராவ் கிலோ 2 ரூபாய் அரிசித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அந்தக் கணக்கு மாறியது. வெள்ளைச் சோறு எல்லா வீட்டுக்கும் வந்தது. அது பசியைத் தணித்ததோடு ஒரு கௌரவத்தையும் கொடுத்தது. சங்கடியை மறந்தார்களே என்று அந்தத் தலைமுறையைக் குறை சொல்வது, களியைத் தவிர வேறு வழியில்லாமல் வளராதவர்களுக்குத்தான் சாத்தியம்.

இப்போது சக்கரம் சுற்றி வந்திருக்கிறது. சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்ல, 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவிக்க, நெடுஞ்சாலை ஹோட்டல்களின் பலகையில் ராகி சங்கடி முதல் வரிக்கு வந்துவிட்டது. ஒரு காலத்தில் விருந்தாளிக்குப் போடக் கூச்சப்பட்ட உணவு, இன்று கார் நிறுத்திச் சாப்பிடும் ஸ்பெஷல். கேழ்வரகு விதைத்த நிலத்தில் பெரும்பகுதியில் இன்று மாமரம் நிற்கிறது என்பது வேறு கதை. அதற்கு அப்புறம் வரலாம்.

காலையில் வந்து சேரும் பயணிக்கு முதலில் எதிர்ப்படுவது சட்னி. இட்லி, தோசை தமிழ்நாட்டுக் கடைகளைப் போலத்தான். ஆனால் கிண்ணத்தில் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வேர்க்கடலைச் சட்னி இருக்கும். தண்ணீராகத் தாளித்து வைத்திருந்தால் அது ஹோட்டல் சட்னி. வறுத்த கடலையோடு காய்ந்த மிளகாய், புளி, பூண்டு, உப்பு வைத்து அம்மியிலோ உரலிலோ கெட்டியாக அரைத்ததற்கு இந்தப் பக்கத்தில் ஊரிமிண்டி என்று பெயர். சங்கடிக்கும் சோற்றுக்கும் அது தொட்டுக்கொள்ள. மற்ற தெலுங்கர்கள் பல்லீலு என்று சொல்லும் கடலைக்கு ராயலசீமையில் செனக்காய என்று பெயர். எல்லை தாண்டி ஆற்காட்டுப் பக்கம் வந்தால் மல்லாட்டை.

மல்லாட்டை என்ற சொல் மணிலாக்கொட்டை தேய்ந்து வந்தது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், ஸ்பானியர்களின் கப்பலில் பிலிப்பைன்ஸ் போய், அங்கிருந்து தமிழ்க் கடற்கரைக்கு வந்ததன் ஞாபகம் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாகாலா பிளாட்பாரத்தில் காகிதப் பொட்டலத்தில் அவித்த கடலை வாங்குபவர் ஒரு பசிபிக் துறைமுகத்தின் பெயரைக் கொறிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மானாவாரிக் கடலை பறிக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் இதன் உண்மையான ருசி. பச்சைக் கடலையை மண் போகக் கழுவி, உப்புப் போட்டு ஓட்டோடு அவிப்பார்கள். மற்ற மாதங்களில் கிடைப்பது ஊறவைத்து அவித்த காய்ந்த கடலை. தின்றால் வித்தியாசம் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய பெயர்ப்பலகையைத் தேட வேண்டாம். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் பக்கத்தில் வேலையாட்களும் லாரி டிரைவர்களும் எங்கே உட்காருகிறார்களோ அதுதான் இடம். இலையில் முதலில் கந்திப் பொடியும் நெய்யும் வரும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் சாம்பாருக்காகக் காத்திருந்து, பப்பை ஒரு கரண்டியோடு நிறுத்திவிடுவது வழக்கம். இங்கே பப்புதான் சாப்பாட்டின் நடுநாயகம். தக்காளிப் பப்பு, கீரைப் பப்பு, கோடையில் மாங்காய்ப் பப்பு. தக்காளிக்குப் பஞ்சமில்லை, தர்மாவரம் பாதையில் போனால் நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்றான மதனப்பள்ளி இருக்கிறது. 2023 ஜூலைக் கடைசியில் அங்கே முதல் தரம் கிலோ 200 ரூபாயை நெருங்கியது. அதே சந்தையில் பறிகூலிக்கும் கட்டாமல் தக்காளியை ரோட்டில் கொட்டிய வருடங்களும் உண்டு. அதே பாதை வழியாகத்தான் அனந்தப்பூர்ப் பக்கத்து உக்காணியும், ஊறவைத்த பொரியைத் தாளித்து மிளகாய் பஜ்ஜியோடு தரும் டிபன், இந்தப் பக்கம் தலைகாட்டுகிறது.

சித்தூர் வட்டாரத்துப் புளியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பட்டியல் முழுமையாகாது. கோடை தொடங்கும்போது புளியமரம் துளிர்விடும். அந்த இளந்துளிருக்கு சிந்த சிகுரு என்று பெயர். காம்பு நீக்கி, கையில் கசக்கி, துவரம்பருப்போடு வேகவிட்டால் ஒரு பப்பு. ஆட்டுக்கறியோடு சேர்த்தால் இன்னொரு குழம்பு. புளிப்பும் கீரையின் பச்சை வாசனையும் ஒன்றாக வரும். வேறெந்தப் புளிப்பும் இதற்கு ஈடாகாது. சில வாரங்கள்தான் கிடைக்கும். மரமேறிப் பறிக்க ஆள் வேண்டும், ஆய்வதற்குப் பொறுமை வேண்டும் என்பதால் ஹோட்டலில் அவ்வளவாகப் போடுவதில்லை. தெரிந்தவர் வீடு இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் சந்தையில் கூறு கட்டி விற்பதை வாங்கி ஊருக்குக் கொண்டுபோகலாம். நிழலில் உலர்த்தினால் சில மாதம் தாங்கும். மழைக்காலம் முடியும் சமயத்தில் பச்சைப் புளியங்காயை மிளகாயோடு இடித்த தொக்கு. அதற்குச் சற்று முன்பு, குன்றுகளிலிருந்து கூடை கூடையாக இறங்கும் சீதாப்பழம்.

மே மாதத்தில் வருபவர்களுக்கு இன்னொன்று உண்டு. திருப்பதி கங்கம்மா ஜாத்திரை ஒரு வாரம் நடக்கும். பக்தர்கள் விதவிதமாக வேஷம் கட்டி ஊரைச் சுற்றுவார்கள். அம்மனுக்கு அம்பலி படைத்து எல்லோருக்கும் ஊற்றுவார்கள். அம்பலி வேறொன்றுமில்லை, கேழ்வரகுக் கூழ். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் தமிழர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏழுமலையான் ஊரிலேயே, மலைமேல் நெய்யும் சர்க்கரையும் நைவேத்தியம். மலையடிவாரத்தில் கூழும் மோரும்.

மலைமேல் கிடைப்பதையும் சொல்லிவிடுவது நியாயம். கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, கல்கண்டு, ஏலக்காய் சேர்ந்த திருப்பதி லட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2024 செப்டம்பரில் அதன் நெய்யைப் பற்றி எழுந்த சர்ச்சை நாடெங்கும் பேசப்பட்டு, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் அளவுக்குப் போனது. பக்தர்களின் வரிசை அதற்காகக் குறையவில்லை. லட்டைவிடக் குறைவாகப் பேசப்படுவது தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடம். 1985இல் தொடங்கிய இலவச அன்னதானம் 2011 முதல் அந்தப் பெரிய கட்டடத்தில் நடக்கிறது. வெங்கமாம்பா தெலுங்குக் கவிஞர். அவர் பிறந்த தரிகொண்ட கிராமம் பாகாலாவிலிருந்து பிரியும் தர்மாவரம் பாதையில் வாயல்பாடுக்குப் பக்கத்தில்தான். மலையில் இறைச்சிக்கும் மதுவுக்கும் தடை. நாட்டுக்கோழிக்கு மனசு அலைபாய்பவர்கள் அதை ஏறுமுன்போ இறங்கிய பின்போ வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி மாம்பழம். பாகாலாவுக்குச் சரியான பருவம் எது என்று கேட்டால் மே கடைசியிலிருந்து ஜூலைவரை என்று சொல்லலாம், வெயிலைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு. பாகாலா மண்டலத்திலேயே இருக்கும் தாமலசெருவு மாம்பழ மண்டிகளுக்குப் பேர் போனது. அந்த மாதங்களில் சாலையோரம் டிராக்டர்கள் வரிசை கட்டும். காற்றில் வைக்கோலும் பழமும் கலந்த வாசனை. முதலில் வருவது பங்கனப்பள்ளி. கடைசிவரை நிற்பது நீலம். இடையில் மலை மலையாகக் குவிவது தோதாபுரி. தமிழ்நாட்டில் இதற்குக் கிளிமூக்கு, பெங்களூரா என்று பெயர்கள். பாதி பழுத்த தோதாபுரியைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கையில் தருவதுதான் இதைச் சாப்பிடச் சிறந்த வழி. முழுதாகப் பழுத்தால் இனிப்பு சுமார்தான். பங்கனப்பள்ளியோடு போட்டி போட முடியாது.

பிறகு ஏன் இவ்வளவு தோதாபுரி? சதைப்பற்று அதிகம், இனிப்பும் புளிப்பும் சமமாக இருக்கும், விளைச்சல் நம்பகமானது. அதனால் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்கு இதுதான் வேண்டும். சித்தூரும் கிருஷ்ணகிரியும் இந்தியாவின் இரண்டு பெரிய மாங்கூழ் மையங்கள். இங்கே பிழிந்து டின்னிலும் பையிலும் அடைத்த கூழ் அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. நாட்டிலேயே பாட்டிலில் விற்கும் மாம்பழ பானங்களுக்கும் போகிறது. சென்னையில் பாட்டிலைத் திறந்து குடிப்பவர், பெயர் தெரியாமலே இந்த வட்டாரத்துத் தோட்டத்தைக் குடிக்கிறார்.

நிலத்தடி நீர் கீழே போகப் போக, கடலையும் கேழ்வரகும் கட்டுப்படியாகாமல் போகப் போக, விவசாயிகள் மாங்கன்று நட்டார்கள். ஆள் கூலி குறைவு, ஆலை இருக்கிறது, விற்றுவிடலாம் என்ற கணக்கு. 2025இல் அந்தக் கணக்கு பொய்த்தது. விளைச்சல் அமோகம், ஆலைகளிடம் முந்தைய வருடத்துக் கூழே தேங்கியிருந்தது. விலை அதலபாதாளத்துக்குப் போனது. ஆலை வாசலில் டிராக்டர்கள் நாள் கணக்கில் நின்றன. பழம் வண்டியிலேயே அழுகியது. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கச் செய்வோம் என்றது ஆந்திர அரசு: ஆலைகள் 8, அரசு 4. ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளி மாநிலத் தோதாபுரி உள்ளே வரத் தடை போட்டது. கர்நாடகத்துக் கோலார்ப் பக்க விவசாயிகள் கொதித்தார்கள். முதல்வர் சித்தராமையா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். ஒரே பழம், ஒரே வெயில், இரண்டு மாநிலத்திலும் ஒரே நஷ்டம்.

பயணிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கிலோ 12 ரூபாய்க்கே அரசாங்கம் முட்டுக்கொடுக்க வேண்டியிருந்த அதே பழம், சாலையோரத்தில் கீறி உப்புத் தடவினால் ஒற்றைக் காய்க்கே அதற்கு மேல் கிடைக்கிறது. பழத்தை நேராகச் சாப்பிட வருகிறவர்கள் இந்தப் பக்கம் நின்று போனால், ஆலையின் தராசை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. மலைக்கு வருடத்துக்குக் கோடிக்கணக்கான பேர் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வழியில் ஒரு கூடை பழம் வாங்குகிறார்கள்? தேவஸ்தானத்துக்கும் ரயில்வேக்கும் கூட்டத்தை நகர்த்துவதில் இருக்கும் திறமை, அதைச் சற்று நேரம் நிறுத்தி வைப்பதில் இல்லை.

நகர்த்துவது இன்னும் வேகமாகப் போகிறது. திருப்பதி-பாகாலா-காட்பாடி ஒற்றைப் பாதையை 1,332 கோடி ரூபாய் செலவில் இரட்டையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 9 அன்று ஒப்புதல் தந்தது. திருப்பதி யாத்திரிகர்களுக்கு மட்டுமல்ல, வேலூர் மருத்துவமனைக்குப் போகும் ராயலசீமை நோயாளிகளுக்கும் இது பெரிய வசதி. எதிர் வண்டிக்காகக் காத்து நிற்கும் நேரம் குறையும். அந்தக் காத்திருப்பில்தான் பிளாட்பாரக் கடலையும் சீதாப்பழமும் இதுவரை விற்றுக்கொண்டிருந்தன.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது எளிது. காட்பாடியில் காலை வண்டி ஏறி பாகாலாவில் இறங்குங்கள். டிபனுக்குக் கடலைச் சட்னியோடு தோசை. பருவமாக இருந்தால் ஷேர் ஆட்டோவில் தாமலசெருவு போய் மண்டியைப் பார்த்துவிட்டு வரலாம். வண்டியில் அடுக்கத் தோதாக, முக்கால் பழுத்த பங்கனப்பள்ளியாகக் கேளுங்கள். மதியம் சங்கடி. ஹோட்டலில் நுழைந்ததும் உருண்டை சுடச்சுட இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு உட்காருங்கள். ஆறிய சங்கடி கல். சித்தூர்ப் பக்கம் போகிறவர்கள் ஊர் மண்டியில் வெல்லம் வாங்கலாம், காணிப்பாக்கம் பிள்ளையாரையும் பார்க்கலாம். மாலை வண்டியில் திருப்பதி போய்ச் சேர்ந்தால் இரவுச் சாப்பாடு அனேகமாகத் தேவைப்படாது. சங்கடி சாப்பிட்ட வயிறு மறுநாள் காலைவரை எதுவும் கேட்காது. தரிசன வரிசைக்கு அதைவிட நல்ல தயாரிப்பு கிடையாது.